ஒரே கீபோர்ட்டில் நாலு பேர்: உலகம் மறந்த, யாழ்ப்பாணம் விளையாடிய சண்டை கேம்கள்

சண்டை கேம்களைப் பற்றிய எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதே நாலைந்து பெயர்கள்தான் வரும். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1992இல் வந்த மோர்ட்டல் கொம்பாட், பிறகு டெக்கன். பெரிய கேம்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் முதல் இரண்டும் வெளிவந்து உலகத்துப் பிள்ளைகள் நாணயத்தோடு வரிசையில் நின்ற காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. எங்களுக்கு முந்திய தலைமுறையின் சண்டை கேம் அனுபவம் என்று எழுத ஒன்றுமே இல்லை.

என் தலைமுறைக்குக் கிடைத்தது வேறொரு பட்டியல். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரல் 8இல் ஏ9 பாதை திறந்தது. அதற்குப் பிறகு லொறிகளில் வந்த மலிவான ரிவி கேம் பெட்டிகளிலும், கொழும்பிலிருந்து யாரோ கொப்பி பண்ணிக் கொண்டுவந்த சீடிகளிலும் நாங்கள் சண்டை பிடித்தோம். அவற்றில் சில அப்போதே பத்து, பதினைந்து வருடம் பழையவை. சில, அதைச் செய்தவர்களின் நாட்டில்கூடப் பலருக்குத் தெரியாதவை. எங்களிடம் இருந்த பழைய மெசினில் ஓடியதும் அவைதான், அடுத்த கரண்ட் வெட்டுக்குள் முடிந்ததும் அவைதான்.

ஊடகக்கற்கை படித்தவன் என்ற முறையில் இதை ஒரு பதிவாகவாவது வைக்கவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரிவி கேம் பெட்டி

2002இல் எனக்கு 12 வயது. நெல்லியடிப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் முதல் ரிவி கேம் வந்தது என் நண்பனின் வீட்டுக்கு. வெளிப்பார்வைக்கு ஏதோ புது மெசின் போல இருக்கும். உள்ளே இருந்தது 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபமிகொம் என்ற கருவியின் நகல். கூடவே வரும் கசெற்றில் ‘9999 இன் 1’ என்று அடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் உண்மையில் சில பத்துக் கேம்கள்தான். மிச்சமெல்லாம் அதே கேம், வேறு இலக்கத்தில், சிலவேளை நடுக்கட்டத்திலிருந்து தொடங்கும்.

அதில் ஒன்று யீ ஆர் குங்ஃபூ. கொனாமி நிறுவனம் 1985இல் ஃபமிகொமுக்குக் கொண்டுவந்தது. லீ என்ற சின்ன மனிதன் ஐந்து பேரை ஒவ்வொருவராக வெல்லவேண்டும். வாங் என்பவன் கையில் நீளத் தடி. நாங்கள் அவனைச் ‘சிலம்படிக்காரன்’ என்போம். தாவோ வாயால் நெருப்பு விடுவான். சென் சங்கிலி சுழற்றுவான். லாங் என்ற பெண் நட்சத்திரம் எறிவாள். கடைசியில் வரும் மூ, பருத்த உடம்போடு அந்தரத்தில் பறந்து வந்து மோதுவான். ஒவ்வொரு எதிரியையும் வெல்ல ஒவ்வொரு வழி வேண்டும் என்பதும், திரையில் இரண்டு உயிர்க்கோடுகள் குறைந்துகொண்டு போவதும் இன்றைக்கு எல்லாச் சண்டை கேமிலும் இருக்கிறது. அந்த வழக்கங்களை முதலில் நிலைநிறுத்தியவற்றில் இது ஒன்று. அடிக்க ஒரு பொத்தான், உதைக்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆனால் பொத்தானோடு எந்தத் திசையை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அடி மாறும். இப்போது எடுத்து விளையாடினாலும் அரைமணித்தியாலம் அலுக்காது.

அர்பன் சாம்பியன் அப்படியல்ல. 1984இல் நின்டெண்டோவே செய்தது. இரண்டு பேர் தெருவில் நின்று குத்திக்கொள்வார்கள். மெல்லிய குத்து, பலத்த குத்து, வேறு ஒன்றும் இல்லை. கேமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அதில் இரண்டு விசயங்களுக்காக எங்களுக்கு உயிர். மேல்மாடி யன்னலிலிருந்து யாராவது பூச்சாடியைத் தலையில் போடுவார்கள். இடையில் பொலிஸ் வாகனம் ஒன்று போகும். உடனே இருவரும் ஆளுக்கொரு பக்கமாக விலகி, ஒன்றும் நடக்காததுபோல் நிற்பார்கள். வாகனம் போனதும் மறுபடி குத்து. சந்தியில் நாலு பெடியள் நின்று கதைக்கும்போது றோந்து வந்தால் எப்படி நிற்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. ஆகவே அந்தக் காட்சிக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு, அதைச் செய்த ஜப்பான்காரர் எதிர்பார்த்த சிரிப்பாக இருந்திராது.

அந்தப் பெட்டிகளோடு சுற்றிய இன்னொரு ரகம், முழுக் களவு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று பெயர் போட்டிருக்கும். ஆனால் கப்கொம் நிறுவனம் அந்தக் கருவிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 செய்ததே இல்லை. தாய்வானில் இருந்த சிறு குழுக்கள் களவாகச் செய்தவை அவை. அந்தக் கருவி திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் காட்டாது. பெரிய உடம்பு இரண்டை அருகருகே நிறுத்தினால் படம் மினுங்கும், காலோ கையோ மறைந்து மறைந்து வரும். ரிவி பழுது என்று நாங்கள் அதன் தலையில் அடித்தோம்.

இந்தக் களவு ரகத்தில் தேடிப் பார்க்கவேண்டிய ஒன்று கார்ட் ஃபைட்டர். தாய்வானின் ஹம்மர் டீம் என்ற குழு 1990களின் தொடக்கத்தில் செய்தது. மாரியோ, லூயிஜி, யோஷி, இளவரசி எல்லோரும் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வார்கள். அதே எண்ணத்தை நின்டெண்டோ தானே சூப்பர் ஸ்மாஷ் புரோஸ் என்று வெளியிட்டது 1999இல். களவெடுத்தவன் உடைமைக்காரனை முந்திய அபூர்வமான சம்பவம். விளையாடவும் மோசமில்லை.

அந்த எட்டுத் துண்டுச் சிக்கலை நேர்மையாகத் தீர்த்த கேம் ஒன்று இருக்கிறது. அது எங்களிடம் வரவில்லை, நான் பெரியவனான பிறகு கண்டுபிடித்தேன். ஜோய் மெக் ஃபைட். 1993இல் ஜப்பானில் மட்டும் வெளியானது. அதன் ரோபோக்களுக்குத் தோள் முதல் மணிக்கட்டு வரை ஒன்றும் இல்லை. தலை, உடம்பு, கை, பாதம் எல்லாம் தனித்தனியாக அந்தரத்தில் மிதக்கும். துண்டுகள் குறைவென்பதால் பெரிய ரோபோக்களும் மினுங்காமல் ஓடும். 36 ரோபோக்கள். இதைச் செய்தவர்களில் ஒருவரான கொயிச்சி ஹயஷிடா பிற்காலத்தில் மாரியோ கேம்களையே இயக்கினார். 2023இல் நின்டெண்டோ இதைத் தனது ஸ்விட்ச் ஒன்லைன் சேவையில் ஜப்பானுக்கு வெளியிலும் போட்டது. 30 வருடம் கழித்து.

“பாத்த சண்டை போதாதே?”

அம்மா ஒருநாள் கேட்டா: “இவ்வளவு நாளும் பாத்த சண்டை போதாதே? இதிலயும் சண்டைதானே பிடிக்கிறியள்?”

நியாயமான கேள்வி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் நடந்து வந்ததைத் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒவ்வொரு வீடும் பார்த்தது. எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு குடும்பம் இருந்தது. அந்த வயதில் சத்தத்தை வைத்து ஷெல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள்தான் பிறகு ரிவி கேமுக்கு முன்னால் இருந்தார்கள்.

அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்டால் ஒன்று சொல்வேன். நாங்கள் எடுத்தது துவக்குக் கேம்கள் அல்ல. கொம்பியூட்டர் சென்ரரில் துவக்குக் கேம்களும் இருந்தன, எங்கள் கூட்டம் அவற்றை அதிகம் தொடவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. சண்டை கேமில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு உயிர்க்கோட்டோடு தொடங்குவார்கள். எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியும். விழுந்தவன் எழும்பும்வரைக்கும் பெரும்பாலான கேம்களில் மற்றவன் காத்திருந்தே ஆகவேண்டும். எங்களுக்குத் தெரிந்த சண்டைக்கு இதில் எதுவும் பொருந்தாது.

லிற்றில் ஃபைற்றர் 2

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேமைத்தான் தேடி விளையாடுவேன் என்று நினைப்பவர்கள் இதை எடுங்கள்.

ஹொங்கொங்கைச் சேர்ந்த மார்ட்டி வோங், ஸ்டார்ஸ்கி வோங் என்ற இருவர் செய்து 1999இல் இலவசமாக விட்டது லிற்றில் ஃபைற்றர் 2. பெரிய கம்பனி இல்லை, பெட்டி இல்லை, விளம்பரம் இல்லை. கோப்பு சில எம்பிதான். ஒரு சீடியில் பாட்டுகளுக்கு நடுவில் ஒளிந்து வரும். எங்கள் ஊர்க் கொம்பியூட்டர் சென்ரரில் எம்எஸ் ஒஃபிஸ் வகுப்புக்குப் போன பெடியள் அத்தனை பேருக்கும் அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று தெரியும். சேர் கண்டு அழிப்பார். அடுத்த நாள் வேறு பெயரில், வேறு ஃபோல்டரில் இருக்கும்.

அதன் பெரிய புதுமை, ஒரே கீபோர்ட்டில் நாலு பேர் விளையாடலாம். திரையில் மொத்தம் எட்டு ஆட்கள். மிச்ச நாலு பேரைக் கொம்பியூட்டர் ஓட்டும். ஒருவர் இடது மூலையில், ஒருவர் அம்புக்குறிகளில், ஒருவர் நடுவில், நாலாவது ஆள் நம்பர்ப் பக்கத்தில். ஒரு கதிரையில் இருவர், பின்னால் நின்றபடி இருவர், தோள் முட்ட முட்ட. அடி திரையிலும் விழும், விலாவிலும் விழும்.

தெரிவுசெய்ய பத்துப் பேர். டீப் வாள் வைத்திருப்பான், ஹென்றி அம்பு எய்வான், ஃபிரென் நெருப்பு, ஃப்ரீஸ் ஐஸ், லூயிஸ் கவசம் போட்டவன். ஆள் தெரியும் இடத்தில் lf2.net என்பதன் எழுத்துகளை அடித்தால் ஒளித்துவைத்த ஆட்களும் வருவார்கள். இந்த இரகசியத்தை ஒரு அண்ணா எங்களுக்கு ஒரு சோடாவுக்கு விற்றார். ஃபிரெனும் ஃப்ரீஸும் ஒரே அணியில் நின்று, இருவருக்கும் உயிர் அடியில் வந்தபிறகு, ஒன்றுசேர்ந்து ஃபிர்சென் என்ற ஒரே ஆளாக மாறலாம். நெருப்பும் ஐஸும் அவனுக்குச் சேர்த்து வரும். நிலத்தில் பால் போத்தல் கிடக்கும், குடித்தால் உயிர் ஏறும். பியர் கிடக்கும், குடித்தால் சக்தி ஏறும். பியரைத் தூக்கும்போது சென்ரரில் எல்லோரும் கூக்காட்டுவார்கள்.

என் நண்பன் எப்போதும் ஜோனைத்தான் எடுப்பான். அவ்வளவு பலமான ஆள் இல்லை. ஆனால் ஜோனுக்குத் தன்னைக் குணப்படுத்தவும் தெரியும், தன் பக்கத்து ஆளைக் குணப்படுத்தவும் தெரியும். நான் முன்னுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவேன். அவன் பின்னுக்கு நின்று என் கோட்டை ஏற்றுவான். “நீ போ, நான் நிக்கிறன்” என்பான். மற்றவர்கள் எங்களோடு சேரத் தயங்குவார்கள், நாங்கள் அவ்வளவு வென்றோம்.

நுட்பமாகச் சொன்னால் இந்தக் கேமின் சிறப்பு அதன் விசைகளில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஏழு விசைகள்: நாலு திசை, அடி, பாய்தல், தடுப்பு. சிறப்பு அடிகள் எல்லாம் தடுப்பு, ஒரு திசை, அடி அல்லது பாய்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போல கட்டைவிரலால் அரைவட்டம் வரையத் தேவையில்லை. டெக்கன் போல இரண்டு மூன்று பொத்தானை ஒரே கணத்தில் அழுத்தத் தேவையில்லை. ஏழு விசையும் எது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

அந்தத் தீர்மானம் முக்கியம். மலிவான கீபோர்ட்டுக்குள் விசைகள் நிரல் நிரையாக வயர் பின்னலில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தும்போது சில சேர்க்கைகளில் மூன்றாவதோ நாலாவதோ கொம்பியூட்டருக்குப் போய்ச்சேராது. நாலு பேர் ஒன்றாக அழுத்தினால் யாரோ ஒருவனின் ஆள் சிலைபோல நிற்பான். “டேய் என்ர கீயை அமத்திப்போட்டான்!” என்று எத்தனை உண்மையான அடிபிடி நடந்தது. யாரும் அமத்தவில்லை. கீபோர்ட்டின் குணம். எந்த எழுத்துகளை யாருக்குக் கொடுத்தால் அது குறையும் என்று நாங்களே பரிசோதித்து ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம்.

இன்னொரு எதிரி ஷிஃப்ற் விசை. அதை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் ‘ஸ்ரிக்கி கீஸ்’ என்று ஒரு பெட்டியைத் திறந்து, கேமை நிறுத்திப்போடும். சண்டையின் நடுவில் வந்தால் கெட்டகோபம் வரும். அது யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தத் தொடங்கும். ஐந்து நிமிடம் கிடைக்கும். ஒரு சண்டைக்கு அது காணும்.

போகிறபோக்கில் மூன்று

வன் மஸ்ட் ஃபோல் 2097. 1994இல் எபிக் மெகாகேம்ஸ் வெளியிட்ட டொஸ் கேம். பிற்காலத்தில் ஃபோர்ட்நைட் செய்த அதே எபிக். மனிதர்கள் ஓட்டும் இராட்சத ரோபோக்கள் மோதும். இதிலும் குத்து, உதை என்று இரண்டே பொத்தான். போட்டியில் வெல்லும் காசில் ரோபோவின் கையையும் காலையும் பலப்படுத்தலாம் என்பது அந்தக் காலச் சண்டை கேம்களில் அபூர்வம். 1999இல் இலவசமாக விட்டுவிட்டார்கள். அதன் இசையையும் ஒருமுறை கேளுங்கள்.

சாங்கோ ஃபைற்றர். 1993, தாய்வானின் பாண்டா நிறுவனம். சீனத்து மூன்று இராச்சியங்கள் கதையின் வீரர்கள் ஈட்டியோடும் வாளோடும் மோதுவார்கள். 2009இல் அமெரிக்காவில் ஒரு சிறு குழு உரிமையை வாங்கி இலவசமாக்கியது. படம் வரைந்த விதத்துக்காகவே பார்க்கலாம். சண்டை கொஞ்சம் விறைப்பு.

புஷிடோ பிளேட் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். 1997, பிளேஸ்ரேசன், ஸ்குவெயர் வெளியீடு. 2003 நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பிளேஸ்ரேசனையும் சில சீடிகளையும் விட்டுப்போனார்; அதில் இது இருந்தது. ஆறு பேர், எட்டு ஆயுதம். உயிர்க்கோடு கிடையாது. நேரக்கணக்குக் கிடையாது. சரியான இடத்தில் ஒரே வெட்டு விழுந்தால் ஆள் செத்தான். காலில் விழுந்தால் பிறகு முழங்காலில் நின்றுதான் சண்டை. கையில் விழுந்தால் அந்தக் கை தொங்கும். கதையாக விளையாடும்போது, முதுகில் வெட்டினாலோ, எதிரி வணங்கும்போது அடித்தாலோ, நீங்கள் வென்றாலும் கேம் இடையில் நின்றுவிடும்: நீ முறைதவறிவிட்டாய் என்று.

எங்களுக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை. “ஒரு வெட்டில செத்தா என்னடா விளையாட்டு?” என்று நண்பன் சீடியைக் கழற்றிவிட்டான். இரண்டு தரம்தான் போட்டிருப்போம். இன்று அதைச் சண்டை கேம்களில் மிகத் துணிச்சலானது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆயுதத்துக்கு அது கொடுக்கும் கனத்தை வேறு எதிலும் நான் காணவில்லை. ஆனால் அவன் கழற்றியதும் சரிதான் என்று நினைக்கிறேன்.

2006

2006 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு அவன் கிளிநொச்சியில் இருந்த அம்மம்மா வீட்டுக்குப் போனான். ஓகஸ்ட் 11 மாலை முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ9 மூடப்பட்டது. ஊரடங்கு, ஃபோன் இல்லை. இரண்டு கிழமை நிற்கப் போனவன் திரும்பி வர வழியில்லாமல் போனது. அவனது அப்பா இங்கே, அவனும் அம்மாவும் அங்கே. அப்படிப் பிரிந்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

கொம்பியூட்டர் சென்ரர் பின்னேரம் மூன்று மணிக்கே பூட்டத் தொடங்கியது. பிறகு பூட்டியே கிடந்தது. லிற்றில் ஃபைற்றர் 2ஐத் தனியாகவும் விளையாடலாம். உங்கள் அணிக்குக் கொம்பியூட்டர் ஆள் தரும். நான் ஜோனை அப்படி எடுத்துப் பார்த்தேன். அது குணப்படுத்த வரும்வரை நின்று பார்த்தேன். அது தன்பாட்டில் சண்டை பிடித்துக்கொண்டு நின்றது.

ஏழு விசை

2010இல் செட்டிக்குளம் முகாமிலிருந்து வெளியே வந்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். இடது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இருந்தன. 2009 மார்ச்சில், மாத்தளனில் என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த லிற்றில் ஃபைற்றர் இருக்கோ?” என்று அவன்தான் கேட்டான்.

இருந்தது. விசை மாற்றும் பக்கத்தைத் திறந்து அரைமணித்தியாலம் தேடினான். திசை நாலும் வலது கைக்கு. தடுப்பு பெருவிரலுக்கு, இடைவெளிப் பட்டையில். அடியும் பாய்தலும் பக்கத்துப் பக்கத்து விசைகளில், சுட்டுவிரல் ஒன்றே போய்வரும்படி. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் கேம் என்பதால் அவனுக்கு எல்லா அடியும் வந்தது. முதல் மூன்று சண்டையும் தோற்றோம். நாலாவதை வென்றோம்.

இதனால்தான் இந்தக் கட்டுரை. ஊரில், முகாமில், இப்போது வெளிநாடுகளில், கையில் காயம்பட்ட, விரல் இழந்த, ஒரு கை இல்லாத நம்மவர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேம் என்பது தங்களுக்கு முடிந்துபோன விசயம் என்று அவர்கள் நினைக்கக்கூடும். இன்றைய கொன்ட்ரோலரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: இரண்டு பெருவிரலுக்கு இரண்டு தடி, எட்டுப் பொத்தான், பின்னால் இரு பக்கமும் சுட்டுவிரலுக்கு வேலை. மறந்துபோன இந்தப் பழைய கேம்கள் பொத்தான் குறைந்த காலத்தில் பிறந்தவை.

எனவே சில நடைமுறைக் குறிப்புகள். ஃபமிகொம் கேம்களைக் கணினியில் ஓட்ட எஃப்சிஇயுஎக்ஸ், மெசென் போன்ற இலவச எமுலேற்றர்கள் இருக்கின்றன. இரண்டிலும் எந்தப் பொத்தானையும் எந்த விசைக்கும் மாற்றலாம். அர்பன் சாம்பியனுக்கு இரு திசையும் இரண்டு பொத்தானும் தெரிந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. ஒரு கையால் ஆடலாம். வன் மஸ்ட் ஃபோல், சாங்கோ ஃபைற்றர் இரண்டும் டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும். கேம் ஓடும்போது கொன்ட்ரோலையும் எஃப்1ஐயும் சேர்த்து அழுத்தினால் விசைகளை மாற்றும் பலகை திறக்கும். ஒரு விரலால் அந்த இரண்டையும் அழுத்த முடியாதவர்களுக்குத்தான், நாங்கள் திட்டித் தீர்த்த ஸ்ரிக்கி கீஸ்: ஷிஃப்ற், கொன்ட்ரோல் போன்றவற்றைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் அடுத்த விசைவரை அது நினைவில் வைத்திருக்கும். நண்பன் அதை வைத்துத்தான் கடிதம் தட்டுகிறான். பழைய டொஸ் கேம்கள் பலவற்றை இன்ரநெற் ஆர்கைவ் தளத்தில் உலாவியிலேயே விளையாடலாம், ஒன்றையும் இறக்கத் தேவையில்லை. லிற்றில் ஃபைற்றர் 2 இன்றைய விண்டோஸிலும் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடுகிறது.

புதிய கேம்களும் இப்போது மெல்ல இந்தப் பக்கம் வருகின்றன. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் சிறப்பு அடியை ஒரே பொத்தானில் தரும் முறை இருக்கிறது. எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைச் சத்தத்தால் அறிவிக்கும் வசதியும் இருக்கிறது. கண்பார்வை இல்லாதவர்கள் அதை வைத்துப் போட்டிகளிலேயே ஆடுகிறார்கள். பார்வை இழந்த நம்மவர்களுக்கு இதை யாராவது எடுத்துச்சொல்லவேண்டும். விலையும், அதற்கு வேண்டிய மெசினும்தான் எங்கள் ஊருக்கு எட்டாதவை.

நண்பன் இப்போது கிளிநொச்சியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். இரண்டு விரலால் திருகாணி பிடிக்கும் அவன் வேகம் எனக்குப் பத்து விரலிலும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போவேன். கடையின் பின்னறையில் பழைய மெசின் ஒன்று. அவன் இன்னும் ஜோன்தான். போன முறை அவனது மகளும் வந்து நின்றாள், ஏழு வயது, மூன்றாவது ஆளாகத் தன்னையும் சேர்க்கச் சொல்லி. நம்பர்ப் பக்கத்து விசைகளைக் கொடுத்தோம். அவள் பாயும்போதெல்லாம் என் ஆள் அசையாமல் நிற்கிறான். எந்தெந்த எழுத்து என்று கொப்பியில் எழுதியது எங்கள் பழைய வீட்டில் எங்கோ கிடக்கவேண்டும், தேடிக்கொண்டு போகவேண்டும்.